கார் ஷெட்டில் பலகை அடுக்க எந்த ரேக் நல்லது?

வீட்டு கார் ஷெட்டின் ஓரத்தில் மரவேலை செய்பவர்களிடம் மரம் தானாகவே சேர்ந்துவிடும். முதலில் நாலு பலகை சுவரில் சாய்ந்து நிற்கும். அப்புறம் பக்கத்துத் தெருவில் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் இரண்டு தேக்கு நிலைச்சட்டம் வாங்கி வருவோம். மரக்கடைக்காரர் "இந்தத் துண்டுகளையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார். கொஞ்ச நாளில் வண்டியை உள்ளே விட இடமிருக்காது, அடியில் இருக்கும் பலகை வேண்டுமென்றால் மேலே இருப்பதையெல்லாம் இறக்க வேண்டியிருக்கும்.

ரேக் அடித்தே ஆக வேண்டும் என்று முடிவானதும் அடுத்த குழப்பம் வருகிறது. ஓட்டை போட்ட ஆங்கிள் ரேக் வாங்கலாமா, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யலாமா, நாமே மரத்தில் செய்யலாமா, சுவரில் பிராக்கெட் அடித்தால் போதாதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வீடு என்றால், தரையில் ஊன்றிய கால்களும் முன்பக்கம் திறந்த கைகளும் கொண்ட ரேக்தான் சரி. அதை இரும்பில் செய்வதா மரத்தில் செய்வதா என்பது இரண்டாவது கேள்வி. வாடகை வீடு என்றால் கணக்கே வேறு.

## முதலில் பார்க்க வேண்டியவை

எடை. நல்ல காய்ந்த தேக்கு ஒரு கன அடி 18, 19 கிலோ இருக்கும். 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள ஒரு பலகை ஏறத்தாழ 6 கிலோ. 12 அங்குல ஆழமுள்ள ஒரு தட்டில் இரண்டு வரிசையாக, நாலு அடுக்கு வைத்தால் எட்டுப் பலகை, அதாவது 50 கிலோ. ஐந்து தட்டு என்றால் 250 கிலோ. வேங்கை இதைவிடக் கனம், பைன் இதைவிட லேசு. 8க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்று 30 முதல் 40 கிலோ வரை வரும்.

தாங்கும் இடைவெளி. பலகையை எத்தனை இடத்தில் தாங்குகிறோம் என்பது எடையைவிட முக்கியம். தாங்கல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை இரண்டு மடங்காக்கினால், பலகை தன் சொந்த எடையிலேயே தொய்வது 16 மடங்காகும். 1 அங்குலப் பலகைக்கு 2 அடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். மெல்லிய ரீப்பர்களுக்கு 16 அங்குலத்துக்கு ஒன்று. 8 அடிப் பலகைக்கு 2 அடி இடைவெளியில் நாலு கால் வைத்தால், இரு பக்கமும் ஒவ்வோர் அடி வெளியே நிற்கும். அது சரியான அளவு.

சுவர். ரேக் வாங்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. கண்ணில் படாத மூலையில் 6 மி.மீ. பிட்டால் ஓர் ஓட்டை போடுங்கள். முதல் அரை அங்குலம் பூச்சின் சாம்பல் நிற மணல்தூள் வரும். அதைத் தாண்டியபின் வருவதைப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். வெள்ளையாக, லேசான மாவு வந்து பிட் சுலபமாக இறங்கினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுத்துளை நிறைந்த லேசான கான்கிரீட் கல். சாம்பல் தூள் வந்துகொண்டிருக்கும்போது ஓர் அங்குலம் சொச்சத்தில் பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே பொந்துள்ள சிமெண்ட் கல். சாம்பல் தூளோடு பிட் நகரவே மறுத்தால் அது கான்கிரீட் தூண் அல்லது பீம். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள், பின்னால் உதவும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை வேண்டாம், உள்ளே ஒயர் குழாய் போகும்.

9 அங்குலச் செங்கல் சுவர் எந்த ரேக்கையும் தாங்கும். நாலரை அங்குலச் சுவரில் ஜாக்கிரதை வேண்டும். ஹாலோ பிளாக்கில் சாதாரண ஆங்கர் போல்ட்டை முறுக்கினால் அது விரியும்போது மெல்லிய ஓடே உடைந்துவிடும். அங்கே மறுபக்கம் வரை போல்ட்டை விட்டுத் தகடு வைத்து முடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டையில் பசை செலுத்தி ஒட்டும் கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும். மறுபக்கம் அடுத்த வீடு என்றால் முதல் வழி கிடையாது.

எடுக்கும் வசதி. ரேக் என்பது மரத்தை எடுப்பதற்காக. வேண்டிய பலகையை நாலைந்து பலகையை நகர்த்தி எடுக்க முடிந்தால் நல்ல ரேக். வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு வந்துதான் எடுக்க முடியும் என்றால் அந்த ரேக்கை நீங்கள் பயன்படுத்த மாட்டீர்கள், புது மரம் வாங்கிவிடுவீர்கள்.

ஷெட்டின் அகலம். ஸ்விஃப்ட் கார் 1735 மி.மீ. அகலம், 5 அடி 8 அங்குலம். 10 அடி ஷெட்டில் மிச்சம் 4 அடி 4 அங்குலம். ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க இரண்டரை அடி விட்டால், காரின் மறுபக்கம் 22 அங்குலம்தான் இருக்கும். அதில் 14 அங்குல ரேக் வைத்தால் காருக்கும் ரேக்குக்கும் 8 அங்குலம். ஆகவே, முகத்தை உள்ளே விட்டு நிறுத்துபவர்கள் ரேக்கை இடப்பக்கச் சுவரில் வைக்க வேண்டும், இடப்பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொள்ள வேண்டும்.

ஈரம், கரையான். வண்டி கழுவும் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரலும் ஷெட்டுக்குள் வராமல் இருக்காது. கீழ்த் தட்டு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். கரையான் மண்பாதை கட்டித்தான் ஏறும். இடைவெளி இருந்தால் டார்ச் அடித்ததும் அந்தப் பழுப்புக் கோடு தெரிந்துவிடும். ஒட்டி அடுக்கியிருந்தால் பலகையை எடுக்கும் அன்றுதான் தெரியும்.

## ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்

அலுவலகங்களில் ஃபைல் அடுக்குகிற அதே ஓட்டை ஆங்கிள் ரேக். எங்கும் கிடைக்கும். பழைய அலுவலகச் சாமான் கடைகளில் பாதி விலைக்கும் கிடைக்கும். சுவரில் ஓட்டை வேண்டாம். வீடு மாறும்போது நட்டைக் கழற்றி, ஆங்கிளைக் கட்டி எடுத்துப் போகலாம்.

பிரச்சினை முன்கால்களில் இருக்கிறது. 8 அடிப் பலகையை முன்பக்கமாக உள்ளே விட முடியாது, பக்கவாட்டில்தான் செருக வேண்டும். ரேக்குக்கு 8 அடி, பலகையை உருவ இன்னொரு 8 அடி, ஆக 16 அடிச் சுவர் காலியாக இருக்க வேண்டும். பல வீடுகளில் ஷெட்டின் மொத்த நீளமே அவ்வளவுதான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவர் நினைப்பது அட்டைப்பெட்டி அடுக்குவதை.

கூட வாங்க வேண்டியவையும் உண்டு. மூலைத் தகடுகள் இல்லாமல் நிறுத்தினால் எடை ஏறியதும் ரேக் ஒரு பக்கம் சாயும். கூடவே வரும் தகரத் தட்டுகள் பலகைக்குத் தேவையில்லை, 50 கிலோவில் நடுவே குழியும். அந்தக் காசுக்குக் குறுக்கு ஆங்கிள் கூடுதலாக வாங்கிப் பூட்டுங்கள்.

நாலு அடிக்குக் குறைவான துண்டுகள், பெயிண்ட் டப்பா, கருவிப் பெட்டி ஆகியவற்றுக்கு இதைவிட நல்லது இல்லை. நீளப் பலகைக்கு, வாடகை வீட்டில் மட்டும்.

## சுவரில் தனித்தனி பிராக்கெட்

பார்க்கச் சுலபமாகத் தெரியும். கடையில் முக்கோண பிராக்கெட் வாங்கி, ராவல் பிளக் அடித்து, திருகு போட்டால் முடிந்தது. தரை முழுக்கக் காலியாக இருக்கும்.

இதில் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். ஐந்து தட்டுக்கு 20 பிராக்கெட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஓட்டை. சுவரில் 40 முதல் 60 ஓட்டை வரை போகும். செங்கல் சந்தில் விழும் ஓட்டைகளில் பிளக் பிடிக்காது, பக்கத்தில் இன்னொன்று போட நேரும்.

இரண்டாவது இழுவிசை. ஒரு தட்டின் 50 கிலோ நாலு பிராக்கெட்டுக்குப் பிரிந்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டரை கிலோ. அது சுவரிலிருந்து சராசரியாக 6 அங்குலம் தள்ளி இருக்கிறது. பிராக்கெட்டின் மேல் திருகுக்கும் கீழ் நுனிக்கும் 4 அங்குலம்தான் என்று வைத்தால், மேல் திருகைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 19 கிலோ. எடை கூடினால், பலகை நுனிக்கு நகர்ந்தால், ஒரு பையன் எம்பிப் பிடித்தால், அது பல மடங்காகும். மொத்த 250 கிலோவும் சுவரில்தான் தொங்குகிறது, தரைக்கு ஒரு கிலோகூடப் போவதில்லை.

இரண்டு தட்டு, லேசான ரீப்பர், நல்ல செங்கல் சுவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஐந்து தட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## வெல்டிங் செய்த கால்–கை ரேக்

நாலு கால், ஒவ்வொன்றிலும் ஐந்து கை, முன்பக்கம் முழுக்கத் திறப்பு. கால் தரையில் நிற்கிறது, சுவர் அதைச் சாயாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதே 250 கிலோவை இதில் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலுக்கு 62 கிலோ. மேல் போல்ட் 6 அடி உயரத்தில் இருக்கிறது. அதைப் பிடுங்கும் விசை ஏறத்தாழ 6 கிலோதான். கால் உயரமாக இருப்பதால் கிடைக்கும் லாபம் இது. காலுக்கு இரண்டு மூன்று ஓட்டை போதும், அதையும் பென்சிலால் குறித்த கான்கிரீட் தூண், பீம் பக்கம் கொண்டுபோக முடிந்தால் ஹாலோ பிளாக் வீட்டுக்காரர்களும் நிம்மதியாக இருக்கலாம்.

காலுக்கு 40க்கு 40 மி.மீ. சதுரக் குழாய், கைக்கு 25க்கு 25, இரண்டும் 2 மி.மீ. கனம் போதும். இரண்டு மீட்டர் கால் நாலுக்கு 19 கிலோ, ஓர் அடிக் கை இருபதுக்கு 9 கிலோவுக்குள், அடித்தகடும் சுவர்ப் பட்டையும் சேர்த்து மொத்தம் 30 கிலோ இரும்பு. விலை அடிக்கடி மாறுவதால் எடையைச் சொல்கிறேன். பட்டறையில் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் கூலியும் சேர்த்துச் சொல்வார்கள். "30 கிலோ வரும், கிலோ என்ன?" என்று கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அந்த விலைக்கு வெளியே நிற்பவை: ரெட் ஆக்சைடும் பெயிண்டும், குட்டி யானை வாடகை, ஆங்கர் போல்ட், சுவர் கொஞ்சம் கோணலாக இருந்தால் காலுக்குப் பின்னால் வைக்கும் தகடு. கைகள் வெல்டாகிவிட்டதால் உயரத்தை மாற்ற முடியாது என்பதையும் விலையில் சேர்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் கூலி கொடுத்துக் காலில் வரிசையாகத் துளை போட்டுக் கைகளை போல்ட்டில் பூட்டச் சொன்னால் அந்தக் குறையும் இல்லை.

பட்டறையில் இரண்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். கையின் நுனி, அது காலோடு சேரும் இடத்தைவிட அரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பலகை முன்னால் வழுக்கும். கை காலோடு சேரும் இடத்தில் நாலு பக்கமும் பற்றவைப்பு முழுதாக ஓடியிருக்க வேண்டும், இரண்டு இடத்தில் பொட்டு வைத்தால் போதாது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே போய்ப் பாருங்கள்.

துருவும் ஒரு விஷயம். ஈரமுள்ள மரம் துருப்பிடித்த இரும்பின்மேல் கிடந்தால், மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கருநீலக் கறை விழும். இழைத்தாலும் சுலபத்தில் போகாது. கைகளின்மேல் ஒரு ரீப்பர் துண்டைத் திருகிவிட்டால் போதும்.

## மரத்திலேயே செய்வது

இதே கால்–கை வடிவத்தை மரத்தில் செய்யலாம். எனக்குப் பிடித்தது இதுதான். ஷெட்டில் ஏற்கெனவே கிடக்கும் பழைய நிலைச்சட்டம் 4க்கு 3 அங்குலம் இருந்தால் அதைவிட நல்ல கால் கிடையாது. 3 அங்குலப் பக்கம் முன்னால் பார்க்கட்டும். அதில் 27 மி.மீ. துளையை 3 அங்குல ஆழத்துக்கு, கொஞ்சம் மேல்நோக்கிய சாய்வில் போட்டு, முக்கால் அங்குல ஜிஐ பைப் துண்டைச் செருகினால் கை தயார். துளைகளை 4 அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்டு வைத்தால், கையை உருவி வேண்டிய உயரத்தில் செருகிக்கொள்ளலாம். வெல்டிங் ரேக்கில் காசு கொடுத்து வாங்கிய வசதி இங்கே சும்மா வருகிறது.

சாய்வு எல்லாக் காலிலும் ஒன்றாக இருந்தால்தான் பலகை நாலு கையிலும் சமமாக உட்காரும். முதலில் ஒரு மரத்துண்டில் சரியான சாய்வில் துளை போட்டு, அதையே வழிகாட்டியாகக் காலின்மேல் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் போடுங்கள். பழைய சட்டத்தில் துளை போடும் முன் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். ஓர் ஆணி போதும், நல்ல பிட் வீணாகும்.

நிலைச்சட்டம் இல்லாதவர்கள் பேக்கிங் பைன் மரத்தில் செய்யலாம். அதில் முத்திரை பாருங்கள். "ஹெச்டி" (HT) என்றால் சூடுபடுத்தியது, "எம்பி" (MB) என்றால் மீத்தைல் புரோமைடு என்ற விஷப் புகை காட்டியது. முதல் வகையை எடுங்கள். பைனில் பைப்புக்குப் பதில் 18 மி.மீ. பிளைவுட்டில் முக்கோணம் வெட்டி, காலின் இரு பக்கமும் வைத்து போல்ட் போடுவது பாதுகாப்பு.

செலவு உங்கள் நேரம்தான். இரும்பு ரேக் ஒரு காலையில் சுவரில் ஏறிவிடும், இதற்கு ஒரு சனி ஞாயிறு முழுக்கப் போகும். அடுத்தது கரையான். மரக்காலை நேராகத் தரையில் ஊன்ற வேண்டாம். அடியில் ஒரு கடப்பா கல் துண்டு வைத்தால் கழுவும் தண்ணீர் ஏறாது, மண்பாதை வந்தாலும் கல்லின் ஓரத்தில் தெரியும். வீட்டில் ஏற்கெனவே கரையான் தொல்லை இருந்தால் நான் சொல்லும் பதில் மாறும், இரும்புக்கே போங்கள்.

## நிற்க வைப்பதும் தொங்கவிடுவதும்

8 அடிப் பலகையை நிற்க வைக்க 10 அடிக் கூரை போதும், தரையில் ஓர் அடி இடம் போதும். ஒவ்வொரு பலகையும் கண்ணுக்குத் தெரியும், எதையும் நகர்த்தாமல் எடுக்கலாம். ஆனால் சாய்வாக நிற்கும் மெல்லிய பலகை நாளடைவில் வளையும். பலகையின் வெட்டுமுகம்தான் ஈரத்தை வேகமாக உறிஞ்சும், அதையே தரையில் வைக்கிறோம். அடியில் மரக்கட்டை போட்டு, ஏறக்குறைய நேராக நிறுத்தி, மேலே சங்கிலி கட்டினால் அடிக்கடி எடுக்கும் பத்துப் பதினைந்து பலகைக்கு நல்ல வழி.

கூரையில் தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. தகர, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டின் குறுக்குக் குழாய்கள் கூரையைத் தாங்கப் போட்டவை, 250 கிலோ மரத்தை அல்ல. கான்கிரீட் கூரையிலும் போல்ட் நேர்கீழாக இழுபடும், அதன் அடியில் கார் நிற்கும், ஆள் நிற்பார்.

## ஒரே பார்வையில்

| | ஸ்லாட்டட் ஆங்கிள் | தனி பிராக்கெட் | வெல்டிங் கால்–கை | மரக் கால்–கை | நிற்க வைப்பது |
|---|---|---|---|---|---|
| எடையைத் தாங்குவது | தரை | சுவர் | தரை | தரை | தரை |
| சுவரில் ஓட்டை | வேண்டாம் | 40 முதல் 60 | 8 முதல் 12 | 8 முதல் 12 | 2 |
| நீளப் பலகை எடுப்பது | பக்கவாட்டில் மட்டும் | முன்னால் | முன்னால் | முன்னால் | மிகச் சுலபம் |
| உயரம் மாற்றுவது | முடியும் | புது ஓட்டை வேண்டும் | போல்ட் கை என்றால் முடியும் | முடியும் | தேவையில்லை |
| ரேக்குக்குக் கரையான் பயம் | இல்லை | இல்லை | இல்லை | உண்டு | பலகைக்கு உண்டு |
| மறைந்த செலவு | இரட்டை நீளச் சுவர் | சுவர்ப் பூச்சு வேலை | வண்டி வாடகை, பெயிண்ட் | இரண்டு நாள் உழைப்பு | வளைந்து வீணாகும் பலகை |
| வீடு மாறினால் | கழற்றி எடுக்கலாம் | விட்டுப் போக வேண்டும் | கழற்றலாம், தூக்கக் கனம் | கழற்றலாம் | பிரச்சினை இல்லை |

## யாருக்கு எது

சொந்த வீடு, கையில் பழைய சட்டம், கரையான் இல்லை: மரத்தில் செய்யுங்கள். சொந்த வீடு, நேரமில்லை, அல்லது கரையான் உண்டு: வெல்டிங். வாடகை வீடு: துண்டுகளுக்கு ஸ்லாட்டட் ஆங்கிள், நீளப் பலகைகளை மொத்தமாக வாங்காமல் ஒவ்வொரு வேலைக்கும் அப்போதைக்கு வாங்குவது. வீட்டுக்காரர் இரண்டு ஓட்டைக்குச் சம்மதித்தால் நிற்க வைக்கும் ரேக்கையும் சேர்க்கலாம். ஹாலோ பிளாக் அல்லது ஏஏசி சுவர் என்றால் தனி பிராக்கெட்டை மறந்துவிடுங்கள்.

பிளைவுட்டுக்காக ரேக்கின் வடிவத்தை மாற்ற வேண்டாம். முழு ஷீட்டை அதன் அடியில் நிறுத்த வேண்டுமென்றால் கைகள் நாலரை அடிக்கு மேல்தான் தொடங்க முடியும். கனமான பலகையெல்லாம் தோளுக்கு மேலே போய்விடும், இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஷீட்டை வேலைக்கு ஏற்ப வாங்குங்கள். அறுத்துக் கொடுக்கும் கடை பக்கத்தில் இருந்தால் பாதியாகவே வாங்கி வாருங்கள். மிச்சம் நிற்கும் இரண்டு மூன்றை, நீள விளிம்பு கீழே வர, இரண்டு ரீப்பர்மேல், சுவரோடு ஏறக்குறைய நேராக நிறுத்தினால் போதும்.

எந்த வகை கால்–கை ரேக் செய்தாலும் கனமான மரம் இடுப்பு உயரத்துக்குக் கீழே, லேசானது மேலே. புதிதாக அறுத்து வந்த ஈரப் பலகையை மட்டும் தனித் தட்டில், ஒவ்வொரு பலகைக்கும் நடுவே முக்கால் அங்குலக் குச்சி வைத்து அடுக்குங்கள். குச்சிகள் கைகளுக்கு நேர் மேலே வர வேண்டும், தள்ளி வைத்தால் பலகை அலையாக வளையும். கண் உயரத்தில் வரும் கைகளின் நுனிக்கு பிளாஸ்டிக் மூடி போடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய டென்னிஸ் பந்தைக் கீறிச் செருகுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.